மூன்றாம் உபசாரம்

"சாப்பிட்டுட்டுக் கூப்புடறனுங்க டாக்டர்" என்று சொல்லிப் போனை மடியில் கவிழ்த்தபோது வசந்தாமணியின் இலையில் உப்பும் ஊறுகாயும் வந்துவிட்டிருந்தன. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறாளாம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். புற்றுநோய்க்கு எடுத்துவிட்ட இடது மார்புக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வைப்பதா வேண்டாமா, வைப்பதென்றால் எந்த முறையில் என்று ஒரு டாக்டரம்மா மெனக்கெட்டுக் கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறார், இந்த மகராசி கோபிச்செட்டிபாளையத்துக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இருங்க, மோர் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்கிறாள். ஆனால் வேறென்ன சொல்வது, இடது பக்கம் நங்கை தெய்வாத்தாள், அதாவது கணவரின் அக்கா, வலது பக்கம் முன்பின் தெரியாத ஒரு மூக்குத்திக்காரப் பெண், எதிர்வரிசையில் கணவர் சென்னியப்பன், மேல்மாடியில் மேளம், இந்த நெரிசலில் மார்பைப் பற்றி எந்தக் குரலில் பேசுவது. டாக்டர் பெனாசிர் என்னவோ நிதானமாகத்தான் பேசினார். "போன தடவை ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டீங்கம்மா. நானும் அப்படியே எழுதிக்கிட்டேன். ஆனா போறப்ப கதவுகிட்ட நின்னு மேசையில இருந்த ஆபரேஷன் படத்தைத் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க. அதான் மனசு கேக்கல. வர்ற வாரம் ஒரு நாள் முழுக்க ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு. மூணு முறையில எதுன்னாலும் சரி, வேண்டவே வேண்டாம்னாலும் சரி, அதுவும் நல்ல முடிவுதான். மத்தியானத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இல்லேன்னா அந்த நாளை வேற ஒருத்தருக்குக் கொடுத்திருவேன்." திரும்பித் திரும்பிப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். இந்தக் கண்களுக்கு எந்தக் காலத்திலும் அடக்கம் கிடையாது, வாய்தான் ஒழுங்காக இருக்கும். அவள், வந்த பொரியலுக்கு இடம் விட்டு ஊறுகாயை ஓரமாக ஒதுக்கினாள்.

உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். உறைத்தது. உறைப்பு உறைப்பாகவே இருந்தது, அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, உறைப்பினால் பாதி, சந்தோஷத்தினால் பாதி. போன வருஷம் மருந்து ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருந்தது, சோறும் ஆணி, இளநீரும் ஆணி, அப்போது நங்கை ஒரு டம்ளரில் ரசத்தை ஊற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே அலைவாள், "ஒரு முழுங்கு குடிச்சுப் போடு அம்மிணி, எனக்காவ" என்று. அந்த நாக்கு இனி திரும்பாது என்றுதான் நினைத்தாள். பிறகு ஒருநாள் காலையில் சும்மா இருந்த வாயில் காப்பி காப்பியாகவே இறங்கியது. முடியும் அப்படித்தான். நேரான முடிக்காரிக்கு, உதிர்ந்து முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது, இரண்டு விரல் நீளத்துக்கு, கறுகறுவென்று. இன்றைக்குக் காலையில் அதில் மல்லிகைச் சரத்தை நிறுத்தி வைக்க நங்கை ஊசி ஊசியாகக் குத்தி, கடைசியில் "இது பூவா, புளியமரத்துல ஏறுன கொடியா, நிக்கவே மாட்டீங்குது" என்று அலுத்துக்கொண்டாள். நின்றுவிட்டது, எப்படியோ. தலையை அசைத்தால் ஒரு பக்கமாகத் தொங்குகிறது, அதனால் மணமேடையில் அட்சதை போடும்போதுகூடக் கழுத்தைத் திருப்பாமல் போட்டாள், பார்த்தவர்கள் என்ன மிடுக்கு என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். பருப்பும் நெய்யும் வந்தன, அவள் பிசைந்தாள். எந்த முறை? மூன்று முறை, மூன்று முறை என்று டாக்டர் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார். சேலைக் கடையில் மூன்று சேலையை விரித்துப் போட்டால்கூட இவளுக்கு அரை நாள் ஆகும், அதிலும் கடைசியில் நங்கைக்குப் பிடித்ததைத்தான் எடுத்துக்கொண்டு வருவாள்.

அன்றைக்கு டாக்டர் அறையில் மேசைமேல் படத்தை விரித்து மூன்றையும் நன்றாகத்தான் விளக்கினார்கள். முதலாவது சிலிகான். மேசைமேல் ஒன்றை எடுத்து வைத்தார், உருண்டையாக, வழுவழுவென்று. சென்னியப்பன் சத்தியமங்கலத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர், கையில் எதைக் கொடுத்தாலும் அவருக்கு அது உதிரிபாகம்தான், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், மூட்டு எங்கே வருகிறது என்று திருப்பிப் பார்த்தார், பிறகு வெகு மரியாதையாக, "இதுக்கு எத்தன வருசம் கேரண்டிங்க? ஐ.எஸ்.ஐ. முத்திரை எந்தப் பக்கம் போட்டிருப்பாங்க?" என்று கேட்டார். வசந்தாமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம், சிலருக்குச் சுற்றிலும் இறுகிப்போகும், ஆனால் ஆபரேஷன் சின்னது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். "அப்ப ரீவைண்டிங் பண்ண முடியாது, புதுசுதான் போடோணும்" என்று இவர் தலையாட்டிக்கொண்டார். இரண்டாவது முதுகு. முதுகுத் தசையைக் கொஞ்சம் தோலோடு எடுத்து அக்குளுக்கு அடியில் முன்னால் கொண்டுவந்து வைப்பது, கையை மேலே தூக்கி வேலை செய்தால் தோள் கொஞ்சம் அசதியாக இருக்கலாம். மூன்றாவது வயிறு. தொப்புளுக்குக் கீழே இருக்கும் சதையையும் தோலையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்பில் வைத்து, மயிரிழை மாதிரி இருக்கும் அந்தக் குழாய்களை உருப்பெருக்கியில் பார்த்துத் தைப்பது, ஒரு பகல் முழுக்க ஆகிற வேலை. அதற்காக அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார் டாக்டர், மகள் தாரணி பிறந்தபோது போட்ட தையல் தழும்பைத் தடவிப் பார்த்தார், பிறகு சொன்னார், "அருமையா இருக்கும்மா. தாராளமா இருக்கு." ஐம்பத்தொரு வருஷத்தில் இந்த வயிற்றை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வெந்நீரில் தேன், கொள்ளுத் தண்ணீர், விடிகாலை நடை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு எடுத்த போட்டோக்கள், எத்தனை திட்டு வாங்கியிருக்கிறது பாவம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து நங்கையின் குரல் வந்தது: "ஏனுங் டாக்டரம்மா, அவ வயித்த எதுக்குங்க அறுக்கோணும்? அவளே எளச்சுக் கெடக்கறா. என்ற வயித்துல எடுத்துக்குங்க. நெய்யும் பாலும் தின்னு வளந்ததுங்க, கலப்படமில்ல. ரெண்டுக்கே ஆகும்." விளையாட்டுக்கில்லை, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தே விட்டாளாம். அடுத்தவர் சதையை உடம்பு ஏற்காது என்று டாக்டர் சொன்னதும் நங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்தவளா நானு? இவ கண்ணாலத்துல இணைச்சீர்க்காரி நான்தானுங்க." மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்ணுக்கு இணையாகப் பட்டுடுத்திச் சீர் பெறுகிற சடங்கைச் சொல்கிறாள், டாக்டருக்கு அது புரிந்ததோ இல்லையோ, "உங்க அன்பு புரியுதும்மா" என்றார். கட்டிலில் படுத்திருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வயிறு குலுங்கியது, டாக்டரின் கை அதன்மேலேயே இருந்தது.

அப்படியெல்லாம் சிரித்துவிட்டுக் கடைசியில் என்ன சொன்னாள்? எழுந்து உட்கார்ந்து ரவிக்கையை மாட்டிக்கொண்டு, "எனக்கெதுக்குங்க டாக்டர், இந்த வயசுல. ஒண்ணும் வேண்டாமுங்க" என்று சொன்னாள். சாம்பார் ஊற்றுகிறவர் வந்து நின்றார், அவள் சோற்றில் குழி செய்தாள். ஏன் சொன்னாள் என்று யோசித்தால் அவளுக்கே பிடிபடவில்லை, அல்லது நன்றாகப் பிடிபடுகிறது, வெளியில் சொல்லத்தான் வெட்கம். இந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்வதில்லை. காப்பி குடிக்கிறீர்களா என்றால், அட வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குங்க சிரமம். மூன்றாம் தடவை கேட்காமலே டம்ளரைக் கையில் திணிக்க வேண்டும், அப்போது வாங்கிக்கொண்டு, நல்ல காப்பிங்க என்று சொல்லலாம். முதல் தடவையே வாங்குகிறவள் பண்டத்துக்கு அலைகிறவள், மூன்றாம் தடவை வற்புறுத்தாதவர் கஞ்சர், இரண்டு பேர் மானமும் அந்த மூன்றாம் உபசாரத்தில்தான் இருக்கிறது. தாரணி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே ஒரு வாரம் காப்பி இல்லாமல் தலைவலியோடு கிடந்தாள், அதைச் சொல்லி வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். மகளைப் பார்த்துச் சிரித்த தாய் என்ன செய்தாள்? டாக்டரிடம் போய் முதல் வேண்டாமைச் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் காத்திருந்தாள். டாக்டர், "சரிம்மா, உங்க விருப்பம்" என்று எழுதிவிட்டார். காரில் வரும்போது அவிநாசி தாண்டியதும் சென்னியப்பன் சொன்னார், "நீயும் வேண்டாம்னுட்ட. எனக்கும் அது ஒண்ணும் வேண்டியதில்ல வசந்தா. நீ இருந்தாப் போதும்." சொல்லிவிட்டு அழுதார், வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. எவ்வளவு நல்ல மனுஷர். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ராத்திரி போனில் தாரணி, "உன் உடம்பு, உன் முடிவும்மா. நான் மதிக்கிறேன்" என்றாள். நங்கைகூட வாயை மூடிக்கொண்டாள். எல்லாரும் மதித்தார்கள். மதித்து மதித்தே அவளை வெறும் இலையோடு எழுப்பிவிட்டார்கள். யார்மேலும் தப்பில்லை, அதுதான் ஆத்திரமாக வந்தது. அப்பளத்தை ஒரு குத்து குத்தி நொறுக்கினாள், பக்கத்து மூக்குத்திக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

வேண்டும் என்று எப்போது தெரிந்தது? கும்மியில்தான். நோய் வருவதற்கு முன்பே வள்ளிக்கும்மிக் குழுவில் சேர்ந்திருந்தாள், சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி, எல்லா வயதுப் பெண்களும், சலங்கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து தட்டி நிமிர்ந்து தட்டி எகிறித் தட்டி, வேர்த்து வழிந்து வீட்டுக்கு வந்தால் சென்னியப்பன் "வள்ளி வந்தாச்சு" என்று கேலி செய்வார். மருந்தெல்லாம் முடிந்து உடம்பு தேறியதும் மறுபடியும் போனாள். அரங்கேற்றம் வந்தது, கோயில் திடல் நிறையப் பச்சைச் சேலைகள், இவளும் இடது பக்கம் ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்த ஒன்றைச் சொருகிக்கொண்டு நின்றாள். பாட்டு சூடு பிடித்து எகிற ஆரம்பித்ததும் அந்தப் பஞ்சும் எகிற ஆரம்பித்தது. முதலில் கழுத்தெலும்புக்கு வந்தது, அங்கிருந்து தோளைப் பார்த்தது, கொஞ்சம் விட்டால் மேடைக்கே போய் மாலை வாங்கிக்கொள்ளும் போலிருந்தது. இவள் இடது முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ஆடினாள். மைக்கில் ஆசிரியர், "மூணாவது வரிசை, சுருட்டை முடி அம்மிணி, எடது கை எங்க போச்சுங்க?" என்றார். திடலே சிரித்தது. வீட்டில் வந்து சொன்னபோது அவளும்தான் சிரித்தாள், நங்கைக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. ஆனால் குளிக்கப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சு இல்லாமலே ஆடலாம், யார் தடுத்தார்கள், குழுவிலேயே சாரதாமணி இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் தட்டையாகத்தான் ஆடுகிறாள், அவள் கை தட்டினால் முதல் வரிசைக்கே கேட்கும், ராணி. வசந்தாமணியும் ஒருநாள் அப்படி ஆடிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாரதாமணிக்கு அது போதும், இவளுக்குப் போதவில்லை, இதற்கு நியாயம் என்ன சொல்வது? பிடித்திருந்தது, அவ்வளவுதான். தன் இரண்டு மார்பும் அவளுக்குப் பிடித்திருந்தன. சேலை கட்டி முடித்துக் கண்ணாடியில் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொள்வது பிடித்திருந்தது. ஐம்பத்தொரு வயதில், கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, ஒருத்தி இதை நினைக்கலாமா? நினைத்துவிட்டாள். வத்தக்குழம்பு வந்தது.

அதன் பின்னாலேயே ஒப்புட்டு வந்தது, கடலைப்பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டி நெய்யில் சுட்டது, தட்டத்தில் அடுக்கியிருந்தார்கள், வாசனை பத்து இலைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எதிர்வரிசையில் சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்ததை வசந்தாமணி பார்த்தாள். ஒப்புட்டு என்றால் அவருக்கு உயிர். இந்தக் கல்யாணத்துக்கு அவர் கடையை மூடிவிட்டு வந்ததில் மாப்பிள்ளைக்குப் பாதிப் பங்கு, ஒப்புட்டுக்குப் பாதிப் பங்கு. பரிமாறுகிறவர் ஒன்றை வைத்தார், அவர் இரண்டே வாயில் முடித்தார். பரிமாறுகிறவர் திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கியதும், முறைப்படி, இடது கையை இலைக்கு மேலே குடையாகப் பிடித்து, முகத்தை ஒரு மாதிரி அலுப்பாக வைத்துக்கொண்டு, "போதுமுங்க, போதும்" என்றார். பழைய நாளாக இருந்தால் சொந்தக்காரர் பரிமாறுவார், அட சும்மா சாப்புடுங்க மச்சான் என்று கையை விலக்கிவிட்டு இரண்டாகவே போடுவார். இவர் கேட்டரிங்காரர், கறுப்புத் தொப்பி, கையுறை, எந்த ஊரோ என்னவோ, போதும் என்றால் போதும்தான் அவருக்கு. "சரிங்க சார்" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். சென்னியப்பனின் கை அப்படியே இலைக்கு மேலே நின்றது. கீழே ஒன்றுமில்லாத இடத்தைக் காத்துக்கொண்டு நின்றது. அவர் தலை மட்டும் மெல்லத் திரும்பி, போகிற தட்டத்தைப் பார்த்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை. அந்த முகம் இருக்கிறதே. வசந்தாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். டாக்டர் அறைக் கதவில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை நாளாக அவளுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது, மீசைதான் குறை. "ஏனுங்க, தொப்பிக்காரரே!" என்று கத்தினாள். நங்கை திடுக்கிட்டாள். "அவருக்கு ரெண்டு வைங்க. அவரு சொல்றதக் கேக்காதீங்க." பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வைத்தார், சென்னியப்பன் "அட, எதுக்கு வசந்தா" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டார், எவ்வளவு வேகமாக எடுத்தார். "எனக்கும் வைங்க" என்றாள் இவள். "இன்னொண்ணுங்களா?" "இன்னொண்ணு." யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை, ஒப்புட்டு சூடாக வந்து இலையில் விழுந்தது.

நெய்யொழுகத் தின்றுகொண்டே நினைத்தாள். ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒப்புட்டால் மூடிவிட முடியுமா. ஒரு பகல் முழுக்க மயக்கத்தில் கிடக்க வேண்டும். வைத்த சதைக்கு ரத்தம் ஓடாமல் போக எப்போதாவது வாய்ப்பிருக்கிறது, அப்படி ஆனால் எடுத்துவிட வேண்டிவரும், வயிற்றில் ஒரு தடவைதான் எடுக்க முடியும். இடுப்பிலிருந்து இடுப்புக்கு ஒரு தழும்பு வரும். வாரக்கணக்கில் குனிந்துதான் நடக்க வேண்டும், கும்மிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிதாக வருவதில் தொட்டால் பழைய மாதிரி உணர்ச்சி இருக்காது என்றும் சொல்லிவிட்டார்கள், எதையும் மறைக்கவில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, இதற்கெல்லாம் கீழே ஒன்று கிடந்தது, அதைத்தான் அவள் இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தாள், தொடாமல் வந்தாள். உயிரைத் திருப்பிக் கொடுத்ததே பெரிசு. அதற்கு மேலும் கை நீட்டினால், மேலே இருக்கிறவன், இவளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது போலிருக்கிறது என்று கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டால்? ராத்திரியில் எழுந்து உட்கார வைக்கிற பயம் அதுதான். ரசம் வந்தது. மிளகும் சீரகமும் மணக்க, கையில் வாங்கிக் குடித்தாள், சுருக்கென்று நெஞ்சுவரை இறங்கியது. அப்போதுதான் தோன்றியது, இந்த நாக்கை அவள் கேட்கவே இல்லையே. கேட்காமல் வந்தது. முடியைக் கேட்டாள், நேராகத்தான் கேட்டாள், சுருட்டையாக, பழையதைவிட அடர்த்தியாக வந்தது. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவன் செய்கிற வேலையா இது? சுருட்டை மயிர் முளைக்க வைத்தவனுக்கு ஒரு மார்பு பாரமா? மூக்கை உறிஞ்சினாள், ரசத்தின் காரம்தான். சரி, பயம் இருக்கட்டும், அது ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கட்டும், அதற்கும் ஒரு இலை போடலாம். எந்த முறை என்பதில் அவளுக்கு எப்போதோ தெளிவு வந்துவிட்டது, அதுவும் இப்போதுதான் தெரிந்தது. சிலிகான் சுளுவான வேலை, எத்தனையோ பேர் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் பத்து வருஷம் கழித்து மாற்ற வேண்டும் என்றால் இவர் அதற்கு ஒரு சர்வீஸ் அட்டை போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். முதுகு வேண்டாம், தலைக்கு மேலே கை தூக்கித் தட்ட வேண்டும் அவளுக்கு, தோளில் ஒரு இழை குறையக் கூடாது. வயிறு. திட்டித் திட்டி வளர்த்த சொந்த வயிறு, வெதுவெதுவென்று இருப்பது, அவள் பெருத்தால் அதுவும் பெருக்கும், இளைத்தால் அதுவும் இளைக்கும் என்று டாக்டர் சொன்னார், கூடவே வாழுமாம். பாயசத்தை வழித்துக் குடித்தாள், மோரையும் விடவில்லை.

"என்ன அம்மிணி, இன்னைக்கு இந்தப் போடு போடற" என்றாள் நங்கை எழுந்துகொண்டே. "வயிறு வேணுமுங்க நங்க" என்றாள் வசந்தாமணி. நங்கைக்கு ஒன்றும் புரியவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கை கழுவும் இடத்தில் நல்ல கூட்டம், குழாய்கள் வரிசையாகக் கொட்டிக்கொண்டிருந்தன, அடுத்த பந்திக்கு ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள், மேலே மேளக்காரர்கள் இப்போதுதான் சாப்பிட்டு வந்தவர்கள் மாதிரி வெளுத்துக் கட்டினார்கள். வலது கையை மட்டும் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கிப் போனை எடுத்தாள். ஒதுங்குகிறதாவது, மூக்குத்திக்காரப் பெண் ஒரு முழத்தில் நிற்கிறாள். வெளியே தெருவுக்குப் போய்ப் பேசலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். போனால் வழியில் ஒருவர் பேச்சுக் கொடுப்பார், அதற்குள் இந்தத் தைரியம் செரித்துப்போனாலும் போய்விடும். அங்கேயே நின்று அழுத்தினாள்.

"டாக்டர், வசந்தாமணி பேசறனுங்க."

"சொல்லுங்கம்மா. அங்க ஒரே சத்தமா இருக்கு."

"வேணுமுங்க."

"என்னம்மா? கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

வசந்தாமணி மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேணுமுங்க! மாரு வேணும்! வயித்துல இருந்து எடுத்து வெச்சிருங்க!"

குழாயடியில் குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரு பெரியவர் வாயில் ஊற்றிய தண்ணீரைக் கொப்பளிக்க மறந்து நின்றார். மூக்குத்திக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக, இவள் தோளில் ஈரக்கையோடு ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். போனில் டாக்டரும் சிரித்தார். "இப்ப நல்லாக் கேட்டுச்சும்மா. பெரிய ஆபரேஷன். யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"யோசிச்சுட்டனுங்க. பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் வேணும்."

போனை வைத்துத் திரும்பினால் பின்னால் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார், கழுவின கையிலிருந்து தண்ணீர் சொட்ட, அவர் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்காவ எதும் பண்ணிக்காத வசந்தா. எனக்கு வேண்டியதில்லன்னு அன்னைக்கே சொன்னனல்ல" என்றார். அந்த முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

"உங்களுக்கு இல்லீங்க" என்றாள் வசந்தாமணி. "எனக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒன்றைச் சொல்லிச் சென்னியப்பன் கேட்டதில்லை. சொட்டுகிற கையைத் துடைக்கத் துண்டைத் தேடினார், துண்டு தோளிலேயே கிடந்தது, எடுத்துக் கையைத் துடைத்தார், அதே துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அப்பச் செரி" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "ஆபரேசன் அன்னைக்குக் கடை லீவு."